எச்-இண்டெக்ஸ் 58 உள்ளவரிடமா, 14 உள்ளவரிடமா? தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு கைடு தேடும் ஒரு மகளுக்காக

கேள்வி இதுதான். பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்கிறார். அவருடைய மகள் தர்மபுரியில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, தொற்றுநோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர நினைக்கிறாள். இரண்டு கைடுகள் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். எச்-இண்டெக்ஸ் 58, மொத்த மேற்கோள்கள் 21,000. 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் இடம் பெற்றார் என்று பேப்பரில் போட்டோவுடன் செய்தி வந்திருக்கிறது. இன்னொருவர் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பற்றி வேலை செய்கிறார். எச்-இண்டெக்ஸ் 14, மேற்கோள்கள் 900. சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலாமவரிடமே சேர்த்துவிடச் சொல்கிறார்கள். பாப்பாவுக்கோ இரண்டாமவரிடம்தான் மனசு. இந்த நம்பர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அப்பாவின் கேள்வி.

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்ன இருவரின் கட்டுரைப் பட்டியலையும் உட்கார்ந்து பார்த்தேன். பெயர்களை இங்கே எழுதவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாப்பா முதலில் போய்ப் பார்க்க வேண்டியது இரண்டாமவரை. முதலாமவர் மோசமானவர் என்பதால் இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று, அந்த 58 சொல்வது வேறொன்று.

எச்-இண்டெக்ஸ் என்பதை 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் உருவாக்கினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியர். கணக்கு மிக எளிது. ஒருவர் எழுதிய கட்டுரைகளை, மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்ற வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். குறைந்தது 14 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 14 இருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 14. 15 ஆக வேண்டுமென்றால் 15 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 15 மேற்கோள் வேண்டும். அவ்வளவுதான். ஒரு மனிதரின் பல பக்கங்களையும் ஒரே எண்ணால் தோராயமாகத்தான் காட்ட முடியும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு, எண்ணைப் பிடித்துக்கொண்டவர்கள் அதிகம்.

இந்தக் கணக்கில் என்ன இல்லை என்று பாருங்கள். வேலையைச் செய்தது யார் என்பது இல்லை. ஒரு கட்டுரையில் ஒரே ஆசிரியர் இருந்தாலும், 500 பேர் இருந்தாலும், ஒவ்வொருவர் கணக்கிலும் முழு மேற்கோளும் ஏறும். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. முதல் பெயர் கையால் வேலை செய்தவருடையது, பெரும்பாலும் மாணவர். கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது, அதாவது கைடு. நடுவில் இருப்பவர்கள் மாதிரி அனுப்பியவர், புள்ளிவிவரம் பார்த்தவர், ஒரு சோதனை செய்து கொடுத்தவர் என்று பலவகை. நடுப்பெயர் கேவலம் என்று நான் சொல்லவில்லை, ஒருவர் உதவி இல்லாமல் இன்னொருவர் இந்தத் துறையில் எதுவும் செய்ய முடியாது. ஆனால் நடுப்பெயராகவே இருந்து சேர்த்த மேற்கோள், அவர் ஒரு மாணவியை எப்படி வளர்ப்பார் என்பதைச் சொல்லாது.

முதலாமவர் விஷயம் இங்கேதான் வருகிறது. அவருக்கு அதிக மேற்கோள் தந்த கட்டுரைகளில் பெரும்பகுதி, உலக நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு என்ற பெரிய கூட்டுமுயற்சியில் வந்தவை. லான்செட் இதழில் வரும் அந்தக் கட்டுரைகளில் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். நல்ல வேலை, உலகம் முழுக்கத் திட்டம் போடுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள், அதனால் மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவிகிறது. அதில் பங்கெடுத்ததற்கு அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு அவர் கடைசிப் பெயராக நிற்கும் கட்டுரைகளை மட்டும் எண்ணினால், 58 என்ற எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டாமவருடைய முக்கியமான கட்டுரைகளில் கடைசிப் பெயர் அவருடையது, முதல் பெயர் அவருடைய மாணவர்களுடையது. எனக்கு முக்கியமாகப் பட்டது இது.

மேற்கோள் எண்ணுக்கும் ஒரு விஞ்ஞானியின் பெறுமதிக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, தொற்றுநோய்த் துறையிலேயே ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். சம்பு நாத் தே. 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிஎச்.டி. முடித்து, 1949-இல் கல்கத்தாவுக்கே திரும்பினார். அவர் எடுத்துக்கொண்ட நோய் காலரா.

காலராக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது என்று 1884-லேயே ராபர்ட் கோஹ் சந்தேகப்பட்டிருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாராலும் காட்ட முடியவில்லை. பலரும் கிருமியை விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தே வேறு வழியில் போனார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அந்தத் துண்டுக்குள் மட்டும் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு நீர் கோத்து வீங்கியிருந்தது. பக்கத்தில் கட்டிய, கிருமி இல்லாத துண்டு சாதாரணமாக இருந்தது. இது 1953-இல் வெளிவந்தது. அடுத்து, கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்தத் திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது. நோயை உண்டாக்குவது கிருமி வெளியிடும் நச்சுதான், அது குடலில்தான் வேலை செய்கிறது என்பது நிரூபணமாயிற்று. 1959-இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். ஆசிரியர் ஒரே ஒருவர்.

கல்கத்தாவின் சாதாரண மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில், விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத முறையில் செய்யப்பட்ட வேலை இது. உடனே பெரிய ஆரவாரம் எழவில்லை. அந்த நச்சைத் தனியே பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்த அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைன் குழுவுக்கு 1969 வரை ஆயிற்று. அதற்கு அப்புறம்தான் தே செய்ததன் அளவு உலகத்துக்கு முழுதாகப் புரிந்தது. 1978-இல் காலராவைப் பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றிருந்தார். 1985-இல் இறந்தார். இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் உயிரோடு இருந்தபோது அவரை உறுப்பினராக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆள் இருக்கிறார். யூஜீன் கார்ஃபீல்டு. யார் கட்டுரையை யார் எடுத்தாண்டார்கள் என்று எண்ணும் வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர். ஃபிலடெல்ஃபியாவில் நிறுவனம் அமைத்து 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். அந்தக் கார்ஃபீல்டு, தே இறந்த மறு ஆண்டு, 1986-இல், காலரா ஆராய்ச்சியின் வரைபடத்தையும் அதில் தேவின் இடத்தையும் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். எந்தெந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்று பின்னோக்கிப் போனால் வழி தேவிடம் போய்ச் சேருகிறது. ஆக, மேற்கோள் கணக்கு உள்ளூரில் மறந்துபோன ஒருவரை மேலே கொண்டு வரவும் உதவியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கே பொய் என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் எச்-இண்டெக்ஸ் என்ற சுருக்கத்தை மட்டும் வைத்து சம்பு நாத் தே என்ற மனிதரை அளந்தால் என்ன ஆகும்? அவர் எழுதியது கொஞ்சம். அந்த 1959 கட்டுரை எத்தனை மேற்கோள் பெற்றாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒரே ஒரு கட்டுரைதான். இன்று ஒரு தேர்வுக்குழு முன் அவர் வந்து நின்றால், எண்ணைப் பார்த்து அனுப்பிவிடவும் கூடும்.

நம் மாநிலத்திலேயே இன்னொன்று நடந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அன்றைக்குக் காசநோய் வந்தால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்பது மருத்துவ விதி. நம் ஊர்கள் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. பென்னாகரம், அரூர் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அந்தச் சிகிச்சை கைக்கு எட்டாது. சென்னை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் இருந்த குழு, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதியை சானட்டோரியத்துக்கும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பியது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் குறுகலான வீடுகளில், போதாத சாப்பாட்டோடு, வேலையும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளிவந்த பிறகு, உலகம் முழுக்க காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது வழக்கமாயிற்று. இன்று காரிமங்கலத்தில் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்க முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கட்டுரை இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், மெட்ராஸ். மையத்தின் பெயர்தான். வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்த செவிலியர், சளி மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்த டெக்னீஷியன், மருத்துவர்கள் யாருடைய தனிக் கணக்கிலும் அந்த மேற்கோள்கள் ஏறுவதில்லை.

மேற்கோளில் ஏறாத பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பழகிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹாலனபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே இறப்பு விகிதத்தை முப்பது சதவீத அளவிலிருந்து நான்குக்கும் கீழே கொண்டு வந்தார். 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வந்தது. இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் கரைக்கும் எந்த அம்மாவும், அதைப் பற்றி எழுதும் பெரும்பாலான ஆய்வாளர்களும் அந்தக் கட்டுரையைத் தேடிப் போவதில்லை.

நம் மாவட்டத்துக் குடிநீர் ஃபுளோரைடையும் இதோடு நினைத்துக்கொள்ளலாம். அது தொற்றுநோய் இல்லைதான். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து, பிள்ளைகளின் பல்லில் கறையைப் பார்த்துக் குறித்த உள்ளூர் ஆய்வுகளை வெளிநாட்டுக்காரர் எடுத்தாள வேண்டிய தேவை குறைவு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இந்தப் பிரச்சினைக்காகத்தான்.

சரி, பாப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். 14-ஐயும் 58-ஐயும் நேருக்கு நேர் வைப்பது ஏன் தப்பு என்றால், நோய்க்கு நோய் ஆராய்ச்சிக் கூட்டத்தின் அளவே வேறு. எச்.ஐ.வி.யைப் பற்றி உலகில் ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள் எழுதுகின்றன. ஒரு நல்ல கட்டுரை வந்தால் அதை எடுத்துக் காட்டவும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஸ்க்ரப் டைபஸ் அப்படி இல்லை. புதர்களிலும் வயல் வரப்புகளிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணியின் இளம்புழு கடித்து வரும் காய்ச்சல் அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதைப் போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், பல சமயம் அக்குளிலோ இடுப்பிலோ மறைந்திருக்கும். மழைக்காலத்துக்குப் பின் நம் பக்கம் காய்ச்சல் என்று வரும் விவசாயக் குடும்பத்தவரிடம் இதைத் தேடிப் பார்க்காமல் விட்டால், நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். ஆசியாவின் கிராமத்து நோய். அதைப் பற்றி எழுதும் கூட்டம் சிறியது, மேற்கோள் காட்டும் கூட்டமும் சிறியது. அந்தச் சின்ன கூட்டத்துக்குள் 14 என்பது மதிக்கத்தக்க எண்.

அந்தத் துறை தூங்கிக்கொண்டிருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். நம்மிடமிருந்து பக்கத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி.யின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 தீவிர நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரே மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதத்தினருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். இறப்பில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை, சிக்கல்கள்தான் குறைந்தன. 2023-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எளிதில் கிடைக்கும் பழைய மருந்துகளை எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டு வார்டுகளிலேயே கிடைத்த விடை. பாப்பா போக நினைக்கும் துறையில் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கின்றன.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். எச்-இண்டெக்ஸ் ஏறும், ஒருபோதும் இறங்காது. 30 ஆண்டு வேலை செய்தவரையும் 11 ஆண்டு வேலை செய்தவரையும் அதே எண்ணால் ஒப்பிட முடியாது. உங்கள் இரண்டாமவர் முதல் கட்டுரை எழுதியே 11 ஆண்டுதான் ஆகிறது. தொற்றுநோய் ஆராய்ச்சியில் பலன் வருவதற்கும் நீண்ட காலம் பிடிக்கும். கைக்குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் ஊற்றும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளில் ஒன்று இந்தியாவில் பிறந்தது. அதன் மூலக் கிருமி வகை 1980-களில் டெல்லி எய்ம்ஸில் எம்.கே. பான் குழுவால் பச்சிளங்குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. 6,799 குழந்தைகளிடம் நடந்த இறுதிச் சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. அந்தச் சோதனை நடந்த மூன்று இடங்களில் ஒன்று வேலூர். அங்கே ககன்தீப் காங் பல ஆண்டுகளாக ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து, வயிற்றுப்போக்கைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைச் சேர்த்திருந்தார். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். கிருமியைப் பிரித்ததிலிருந்து சொட்டு மருந்து வரை ஏறக்குறைய முப்பது ஆண்டு.

இதற்கு நேர் எதிராகக் கோவிட் காலத்தைப் பாருங்கள். 2020, 2021 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளில் மிக அதிக மேற்கோள் பெற்ற நூறை எடுத்தபோது, 98 கோவிட் பற்றியவை. தொற்றுநோய்த் துறையில் இருந்த பலருடைய எண்கள் இரண்டே ஆண்டில் வீங்கின. உயிர்காத்த வேலைகள் அதில் நிறைய உண்டு. 36 நோயாளிகளை வைத்து ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் பலன் தருகிறது என்று 2020 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து வந்த கட்டுரையும் அதில் உண்டு. மூவாயிரத்துக்கும் மேல் மேற்கோள் பெற்ற அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அதைத் தவறென்று எடுத்துக் காட்டியவர்களின் மேற்கோளும் அந்த மூவாயிரத்துக்குள்தான் இருக்கிறது. பாராட்டி எழுதினாலும் மறுத்து எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடத்தான் செய்யும். அதனால், ஒருவருடைய கட்டுரைகளையும் மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ஆண்டுவாரியாக இருக்கும் பட்டை வரைபடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். படிப்படியாக ஏறியிருக்கிறதா, 2020-ல் திடீரென்று குதித்து அப்புறம் சரிந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

2 சதவீதப் பட்டியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் என்ற பேராசிரியரின் குழு, எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனத்தின் ஸ்கோபஸ் மேற்கோள் தரவை வைத்து ஆண்டுதோறும் வெளியிடுவது. ஸ்டான்ஃபோர்டு கொடுக்கும் விருது இல்லை, யாரும் விண்ணப்பிப்பதும் இல்லை. அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: ஒன்று முழு ஆராய்ச்சி வாழ்க்கைக்கானது, இன்னொன்று ஒரே ஆண்டில் பெற்ற மேற்கோளுக்கானது. பேப்பரில் செய்தி போடும்போது எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் முதலாமவர் ஒரே ஆண்டுப் பட்டியலில் இருக்கிறார். இந்தப் பட்டியலைத் தயாரித்த விதத்தில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. தனி ஆசிரியராக, முதல் பெயராக, கடைசிப் பெயராக எழுதிய கட்டுரைகளுக்குத் தனி எடை கொடுக்கிறார்கள், தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் காட்டுகிறார்கள். எக்செல் கோப்பாக யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். செய்தித்தாள் வரியை விட அந்தக் கோப்பின் ஒரு வரிசை அதிகம் சொல்லும்.

எண்ணை நம்புவதற்கு முன் அது அந்த ஆளுடையதுதானா என்றும் பார்க்க வேண்டும். நம் பெயர் வைக்கும் வழக்கத்தால் வரும் சிக்கல் இது. அப்பா பெயரின் முதலெழுத்து இன்ஷியலாக முன்னால் நிற்கும், வெளிநாட்டு இதழ்கள் அதைக் குடும்பப்பெயர் என்று நினைத்துப் புரட்டிப் போடும். ஒரே செந்தில்குமார் ஒரு கட்டுரையில் செந்தில்குமார் கே., இன்னொன்றில் குப்புசாமி எஸ்., மற்றொன்றில் குமார் கே.எஸ். என்று மூன்று ஆளாகிவிடுவார். அதேபோல மூன்று செந்தில்குமார்கள் ஒரே பக்கத்தில் கலந்து ஒரே பெரிய விஞ்ஞானியாகவும் ஆகிவிடுவார்கள். கூகுள் ஸ்காலர் தானாகச் சேர்ப்பதை அந்த ஆள்தான் உட்கார்ந்து நீக்க வேண்டும். உங்கள் இரண்டாமவருடைய ஆரம்பக் கட்டுரைகள் சில அவருடைய பக்கத்தில் வரவே இல்லை, அப்பா பெயரில் போய் உட்கார்ந்திருக்கின்றன. பாப்பா முதல் கட்டுரை எழுதும்போதே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து, ஆய்வாளருக்கென்று தனியாகக் கிடைக்கும் ஆர்கிட் அடையாள எண் ஒன்று எடுத்துக்கொண்டு, கடைசி வரை மாற்றாமல் இருக்கட்டும். இலவசம்தான்.

இவ்வளவும் சொன்னதால், எண் குறைவாக இருந்தாலே நல்லவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் குறைவாக இருப்பவர்களில் வேலையே செய்யாதவர்களும் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்களில் வருடத்துக்குப் பத்து என்று போட்டு, யாரும் படிக்காததால் மேற்கோள் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரைப் பற்றி எனக்கு நம்பிக்கை வந்தது அந்த 14-ஆல் இல்லை. அவருடைய கட்டுரைகளைப் படித்ததால் வந்தது. எத்தனை நோயாளிகள், எந்தச் சோதனை, எங்கே தவறக்கூடும் என்று மறைக்காமல் எழுதுகிறார். எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வு ஒன்றையும் வெளியிட்டிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டியவர்களில் தாய்லாந்து, ஸ்ரீலங்கா ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இவருக்கு வேண்டப்பட்டவர்கள் இல்லை, அதே நோயோடு போராடுகிறவர்கள். 900 மேற்கோளில் இப்படிப்பட்டவை எத்தனை என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இனிமேல் பாப்பா செய்ய வேண்டியது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் இருவர் பெயரையும் போட்டு, கடந்த ஐந்து ஆண்டில் அவர்கள் கடைசிப் பெயராக நிற்கும் கட்டுரைகளில் ஆளுக்கு மூன்றை முழுதாகப் படிக்கட்டும். புரியாத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு போய் அவரிடமே கேட்கட்டும், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அப்புறம் சோத்கங்கா தளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. கைடு பெயரை வைத்துத் தேடினால், அவரிடம் முடித்தவர்கள் யார், எந்த ஆண்டில் பதிவு செய்து எந்த ஆண்டில் முடித்தார்கள் என்பது பல ஆய்வேடுகளின் முதல் பக்கங்களிலேயே கிடைக்கும். நான்கு, ஐந்து ஆண்டில் முடிகிறதா, எட்டு ஆண்டு இழுக்கிறதா என்று பாருங்கள். எட்டு ஆண்டு இழுக்கும் இடத்தில் எச்-இண்டெக்ஸ் நூறு இருந்தாலும் நான் பெண்ணைச் சேர்க்க மாட்டேன்.

உதவித்தொகை விஷயத்தில் ஒன்று. ஜே.ஆர்.எஃப். என்ற மத்திய அரசு ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேர்வில் தேர்ச்சி பெற்றால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவு. அது பாப்பாவின் பெயரில் வரும் பணம், அதனால் கைடைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவளுக்குக் கூடும். சி.எஸ்.ஐ.ஆர்., ஐ.சி.எம்.ஆர். இரண்டு தேர்வுகளையும் எழுதட்டும். அது இல்லாமல் கைடின் புராஜெக்ட்டில் சேர்ந்தால், அந்தப் புராஜெக்ட் எத்தனை ஆண்டுக்கு அனுமதி பெற்றது, முடிந்தபின் என்ன வழி என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அப்பா கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

கடைசியாக, இரண்டு ஆய்வகத்திலும் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் பாப்பா தனியாகப் பேச வேண்டும், கைடு பக்கத்தில் இல்லாத நேரத்தில். முதல் பெயர் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்கட்டும். மாதிரி எடுக்க கிராமத்துக்கோ வார்டுக்கோ போகும்போது வண்டி வசதி, பாதுகாப்பு எப்படி, இரவில் லேப்பில் தனியாக இருக்க வேண்டி வருமா, உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டா என்றும் கேட்கட்டும். முதலாமவரிடமும் போய்ப் பார்க்கட்டும். பெரிய நிறுவனத்தில் கருவிகள் இருக்கும், கூட இருக்கும் மாணவர்களிடமே நிறையக் கற்கலாம், ஒருவேளை அங்கே அவளுக்கென்று நேரம் ஒதுக்கும் இளைய விஞ்ஞானி ஒருவர் இணைக் கைடாகவும் கிடைக்கலாம். அப்படிக் கிடைத்தால் என் பதிலையும் மாற்றிக்கொள்வேன். இரண்டு இடமும் போய்வந்த பிறகு, மாணவர்கள் சொன்னதை எழுதுங்கள். அவள் படித்த ஆறு கட்டுரைகளில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.